பெப்டைட் 'ஸ்டாக்': ஒண்ணோட ஒண்ணைச் சேர்த்தா ரெண்டு ஆகுமா?

[எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக, பேச்சு நடை கெடாமல் லேசாகத் திருத்தப்பட்டிருக்கிறது.]

இன்னைக்கு எபிசோட்ல கொஞ்சம் கெமிஸ்ட்ரி, கொஞ்சம் ஆஸ்திரேலிய ஃபுட்பால், கொஞ்சம் டீபக்கிங். மூணும் எப்படி ஒரே இடத்துக்கு வருதுன்னு கடைசி வரைக்கும் கேட்டீங்கன்னா புரியும்.

மூணு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியை அனுப்பியிருந்தாங்க. ஒருத்தர் வார இறுதியில பேட்மிண்டன் ஆடுறவர், தோள்பட்டை வலி. இன்னொருத்தர் மாரத்தானுக்குத் தயாராகிறவர், குதிகாலுக்கு மேல அக்கிலீஸ் டெண்டன் பிரச்சினை. மூணாவது ஆள் ஜிம். கேள்வி என்னன்னா: "ப்ரோ, பிபிசி-157, டிபி-500 ரெண்டையும் சேர்த்துப் போட்டா காயம் சீக்கிரம் ஆறுதாம். அதோட சிஜேசி-1295, இபாமொரெலின் சேர்த்தா பெர்ஃபாமன்ஸும் ஏறுதாம். நாலும் சேர்ந்த ஸ்டாக் பத்தி ஒரு எபிசோட் போடுங்க."

முதல்லயே சொல்லிடறேன். நான் டாக்டர் இல்ல, கோட் எழுதுறவன். எவ்வளவு போடணும், எப்போ போடணும்னு இந்த எபிசோட்ல ஒரு வார்த்தை வராது. ஆனா ஒரு சிஸ்டம்ல நாலு மாற்றத்தை ஒரே ராத்திரியில டிப்ளாய் பண்ணிட்டு, மறுநாள் காலையில "எது வேலை செஞ்சது, எது உடைச்சது?"ன்னு உட்கார்ந்து தேடுறது என் தொழில். இன்னைக்குப் பேசப்போற விஷயமும் அதேதான். சிஸ்டம் மட்டும் மனுஷ உடம்பு.

யார் இந்த நாலு பேர்?

பெப்டைட்ங்கிறது கெட்ட வார்த்தை இல்ல. அமினோ அமிலங்களைக் கோத்த சின்னச் சங்கிலி, அவ்வளவுதான். நம்ம வீட்டுல யாராவது போட்டுக்கிற இன்சுலின் 51 அமினோ அமிலம் கொண்ட பெப்டைட். இப்போ எல்லாரும் பேசுற செமாக்ளூடைடும் பெப்டைட்தான். அதனால "பெப்டைட் நல்லதா?"ன்னு கேட்கிறது "ஆப் நல்லதா?"ன்னு கேட்கிற மாதிரி. எந்த ஆப், யார் எழுதினது, யார் டெஸ்ட் பண்ணினதுன்னு கேட்கணும்.

முதல் ஆள், பிபிசி-157. லண்டன் வானொலி இல்ல. [சிரிப்பு] 15 அமினோ அமிலம். மனித இரைப்பைச் சாற்றில் இருக்கும் ஒரு புரதத்தின் துண்டு என்று சொல்லி இதை முன்வைத்தவர்கள் குரோஷியாவின் ஸாக்ரெப் நகர ஆய்வாளர்கள். பிரெட்ராக் சிகிரிச் தலைமையிலான அந்தக் குழுதான் இதைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதியைச் செய்திருக்கிறது. எலியோட அக்கிலீஸ் டெண்டனை வெட்டி, இதைக் கொடுத்து, சீக்கிரம் ஆறினதைக் காட்டியிருக்காங்க. எலியில முடிவுகள் நிஜமாவே சுவாரசியமானவை. அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன்.

ரெண்டாவது, டிபி-500. இங்கதான் முதல் குழப்பம். நம்ம உடம்புல தைமோசின் பீட்டா-4னு ஒரு பொருள் இயல்பாவே இருக்கு, 43 அமினோ அமிலம். செல்கள் நகர்றதுல அதுக்குப் பங்கு உண்டு. டிபி-500ங்கிறது அதில் இருந்து எடுத்த வெறும் 7 அமினோ அமிலத் துண்டுக்கான பெயர். ஆனா சந்தையில டிபி-500னு லேபிள் ஒட்டி முழு 43-ஐ விக்கிறவங்களும் இருக்காங்க. ஒரே பெயர், உள்ளே ரெண்டு வெவ்வேறு மூலக்கூறு. இந்தப் பெயர் குழப்பத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

மூணாவது சிஜேசி-1295, நாலாவது இபாமொரெலின். இது ரெண்டும் காயத்தை நேரடியா தொடுறதில்ல. மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டி "வளர்ச்சி ஹார்மோனை வெளியே விடு"ன்னு சொல்றவங்க. சிஜேசி-1295ஐ உருவாக்கியது மான்ட்ரியலின் கான்ஜுகெம் நிறுவனம். ஆரோக்கியமானவர்களிடம் நடந்த ஆய்வில் ஒரே ஒரு ஊசி வளர்ச்சி ஹார்மோனை 6 நாளோ அதற்கு மேலோ உயர்த்தி வைத்தது. எச்ஐவி நோயாளிகளிடம் நடந்த இரண்டாம் கட்ட ஆய்வு 2006இல், பங்கேற்ற ஒருவர் மாரடைப்பில் இறந்ததும் நிறுத்தப்பட்டது. மருந்துதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை. அவரைக் கவனித்த மருத்துவர், ஏற்கனவே இருந்த இதய நோய்தான் காரணமாக இருக்கும் என்று கருதினார். ஆனா அந்த மருந்து அதுக்கு அப்புறம் அங்கீகாரம் வரைக்கும் போகவே இல்ல.

இபாமொரெலின் நோவோ நார்டிஸ்க் ஆய்வகத்தில் பிறந்தது, 1998இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. பிறகு குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் குடல் சீக்கிரம் இயங்குமா என்று சோதித்தார்கள். போலி மருந்தைவிடத் தெளிவான பயன் தெரியவில்லை. அதோடு அந்தப் பாதையும் நின்றது.

ஆக, நாலு பேரையும் வரிசையா நிறுத்திப் பாருங்க. நாலுமே தசை, டெண்டன் காயத்துக்கான மருந்தா எந்தப் பெரிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடமும் ஒப்புதல் வாங்கல. நாலுமே உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையோட தடைப்பட்டியல்ல இருக்கு. சுருக்கமா வாடா. ஆமா, அந்த அமைப்போட பேரே "வாடா"தான், கூப்பிட்டா வந்துடுவாங்க. [சிரிப்பு] பிபிசி-157 அந்தப் பட்டியலுக்குப் பெயரோடு வந்தது 2022இல்.

சேர்த்தா கூடுதல் பலன்: அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

சேர்க்கிறது முட்டாள்தனம்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா அது நேர்மையான பதில் இல்ல. ஏன்னா ஒரு சேர்க்கைக்குப் பின்னாடி நிஜமான உடலியல் இருக்கு.

பிட்யூட்டரிக்கு ரெண்டு கதவு. ஒண்ணு, மூளையில இருந்து வர்ற இயற்கையான "வெளியே விடு" ஹார்மோனுக்கான கதவு. சிஜேசி அந்த வழியில போகுது. இன்னொண்ணு, பசி ஹார்மோன் கிரெலினுக்கான கதவு. இபாமொரெலின் அந்த வழி. செல்லுக்குள்ள ரெண்டும் வேற வேற சிக்னல் பாதை. 1990இலேயே சிரில் பவர்ஸ் குழு, இந்த இரண்டு வகைப் பொருள்களையும் மனிதர்களுக்குச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. வெளிவந்த வளர்ச்சி ஹார்மோன், தனித்தனியாகக் கொடுத்ததைக் கூட்டினால் வருவதைவிட அதிகம். ஒண்ணும் ஒண்ணும் சேர்ந்து மூணு. ஆச்சரியம் என்னன்னா, அந்த ரெண்டாவது கதவு எந்த இயற்கை ஹார்மோனுக்கானதுங்கிறதே அப்போ தெரியாது. கிரெலினைக் கண்டுபிடிச்சது 1999லதான். பூட்டும் கள்ளச்சாவியும் இருந்தது, அசல் சாவி ஒன்பது வருஷம் கழிச்சுக் கிடைச்சது.

அதனால "சேர்த்தா கூடுது"ங்கிறது வதந்தி இல்ல. ஆனா என்ன கூடுதுன்னு பாருங்க. ரத்தத்துல வளர்ச்சி ஹார்மோன் அளவு கூடுது. உங்க தோள்பட்டை ஆறுவதோ, உங்க ஓட்டம் வேகமாவதோ அந்த ஆய்வுல அளக்கப்படவே இல்ல. சிபியூ பயன்பாடு கூடினா ஆப் வேகமாயிடுச்சுன்னு அர்த்தமா? இல்லையே.

சரி, அப்போ வளர்ச்சி ஹார்மோனே நேரா கொடுத்தா ஆட்டம் கூடுமா? அதையும் பார்த்திருக்காங்க. சிட்னியோட கார்வன் ஆய்வு நிலையத்தில் நடந்த ஆய்வு, 2010இல் வெளியானது. பொழுதுபோக்காக விளையாடும் 96 பேர், எட்டு வாரம். ஆண்கள் நாலு குழு: போலி மருந்து, வளர்ச்சி ஹார்மோன் மட்டும், டெஸ்டோஸ்டிரோன் மட்டும், இரண்டும் சேர்ந்து. யாருக்கு எது என்று ஊசி போடுபவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது.

முடிவு என்ன? சைக்கிளில் அளந்த குறுகிய நேர வெடிப்பு வேகம் வளர்ச்சி ஹார்மோனால் 3.9 சதவீதம் கூடியது. டெஸ்டோஸ்டிரோனோடு சேர்ந்தபோது ஆண்களில் 8.3 சதவீதம். வலிமை கூடவில்லை. தாங்குதிறன் கூடவில்லை. மருந்தை நிறுத்தி ஆறு வாரத்தில் அந்த வேகமும் திரும்பப் போய்விட்டது. கொழுப்பில்லாத எடை கூடியதே? வளர்ச்சி ஹார்மோனை மட்டும் எடுத்தவர்களிடம் அது பெரும்பாலும் செல்லுக்கு வெளியே தேங்கிய தண்ணீர். உடம்பு வீக்கமும் மூட்டு வலியும் பக்க விளைவு. ஸ்மார்ட் தராசுல "மசில் மாஸ்" எண் ஏறினதைப் பார்த்து ஸ்க்ரீன்ஷாட் போடுறவங்க இந்த வரியை ரெண்டு தடவை படிக்கணும்.

இந்த ஆய்வை நான் ஏன் இவ்வளவு விவரமா சொல்றேன்னா, ஆராய்ச்சிச் சூழல்ல ரெண்டு பொருளைச் சேர்க்கிறதுன்னா இப்படித்தான் சேர்க்கணும். ரெண்டு மருந்துன்னா நாலு குழு: எதுவும் இல்ல, இது மட்டும், அது மட்டும், ரெண்டும். நாலு மருந்துன்னா? ரெண்டின் நாலாம் அடுக்கு, 16 குழு. இன்னும் ஒரு விஷயம். ஒரு மருந்தோட தனி விளைவைக் கண்டுபிடிக்கத் தேவையான ஆள் எண்ணிக்கையைவிட, அதே அளவு சேர்க்கை விளைவைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய நாலு மடங்கு ஆள் வேணும். அது வித்தியாசத்துக்குள்ள இருக்கிற வித்தியாசம், இரைச்சல் ரெண்டு மடங்கு ஆயிடும். ஏ/பி டெஸ்ட் ஓட்டினவங்களுக்கு இது அத்துப்படி.

இப்போ நம்ம ஆளுங்க கேட்ட பிபிசி, டிபி சேர்க்கைக்கு வருவோம். இதுக்கு ஹாலிவுட் சூப்பர்ஹீரோ பேர்ல "வுல்வரின் ஸ்டாக்"னு செல்லப் பேரே இருக்கு. மனிதர்களிடம் இதற்கு இருக்கும் ஆதாரம் என்ன? 2021இல் வெளியான ஒரு சின்னத் தொகுப்பு. முழங்கால் வலிக்கு ஊசி போட்டுக்கொண்ட 16 பேரிடம் பிறகு கேட்டு எழுதியது. அதில் 12 பேருக்கு பிபிசி மட்டும். தைமோசின் பீட்டா-4ஐயும் சேர்த்துப் போட்டது 4 பேருக்கு. ஒப்பிட்டுப் பார்க்க, ஊசி போடாத குழு இல்லை.

நாலு பேர். ஒரு ஆட்டோவுல ஏத்திடலாம்.

"எனக்கே சரியாச்சே ப்ரோ"ன்னு சொல்றவங்க பொய் சொல்லல. டெண்டன் வலி ஏறி இறங்கும். யாரும் வலி லேசா இருக்கும்போது ஊசி தேடிப் போறதில்ல, உச்சத்துல இருக்கும்போதுதான் போறாங்க. உச்சத்துக்கு அப்புறம் இறக்கம்தானே வரும்? அதே சமயத்துல ஓட்டத்தைக் குறைச்சிருப்பாங்க, பிசியோகிட்ட போயிருப்பாங்க, நல்லா தூங்கியிருப்பாங்க. கிரெடிட் மட்டும் ஊசிக்கு.

குப்பிக்குள்ள என்ன?

இதை விக்கிற குப்பி மேல "ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல"ன்னு எழுதியிருக்கும். பலர் இதை ஏதோ சட்டத்துக்காக ஒட்டின ஸ்டிக்கர்னு நினைக்கிறாங்க, சிகரெட் பாக்கெட் எச்சரிக்கை மாதிரி. அப்படி இல்ல. அந்த வரி ஒரு தொழில்நுட்பத் தகவல். இந்தப் பொருள் ஊசி மருந்துக்கான தரத்துல தயாரிக்கப்படலன்னு அது நேராவே சொல்லுது.

விக்கிறவங்க காட்டுற சான்றிதழ்ல "எச்பிஎல்சி தூய்மை 99%"னு இருக்கும். எச்பிஎல்சிங்கிறது ஒரு கலவையைக் குழாய் வழியா ஓடவிட்டு, ஒவ்வொரு பொருளும் வெளியே வர்ற நேரத்தை வச்சுப் பிரிக்கிற முறை. 99ன்னா, அந்தக் கருவியோட ஒளியில தெரிஞ்ச பொருள்கள்ல 99 பங்கு ஒரே உச்சியில வந்ததுன்னு அர்த்தம். அந்த உச்சி நீங்க கேட்ட பெப்டைட்தானான்னு அது சொல்லாது, அதுக்கு நிறைமாலை அளவி வேணும். பொடியில உப்பும் ஈரமும் எவ்வளவு, நிஜ பெப்டைட் எவ்வளவுன்னு சொல்லாது. முக்கியமா, கிருமி இருக்கா, எண்டோடாக்சின் இருக்கான்னு சொல்லவே சொல்லாது.

எண்டோடாக்சின்ங்கிறது சில பாக்டீரியாக்களோட வெளித்தோல்ல இருக்கிற பொருள். பாக்டீரியா செத்தாலும் அது அங்கேயே இருக்கும். கிருமியைத் தடுக்கிற 0.22 மைக்ரான் வடிகட்டி வழியா அது நழுவிப் போயிடும். ரத்தத்துல கலந்தா காய்ச்சல், நடுக்கம், அளவு அதிகமானா ரத்த அழுத்தம் சரிவு. ஊசி மருந்து தயாரிக்கிறவங்க இதுக்குன்னே தனிச் சோதனை வச்சிருக்காங்க. குதிரைலாட நண்டோட ரத்தத்துல செய்யற சோதனை அது. "99%" சான்றிதழ்ல அந்த வரி இருக்கான்னு தேடிப் பாருங்க.

இதுல ஸ்டாக்னா நாலு குப்பி. நாலு தயாரிப்பு, நாலு வகை அசுத்தம். சிலர் எல்லாத்தையும் ஒரே சிரிஞ்சுல கலக்கிறாங்க. பெப்டைட்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டித் திரள்றது உண்டு. திரண்ட புரதத்தை நோய் எதிர்ப்பு மண்டலம் எதிரின்னு அடையாளம் வச்சுக்கலாம். அமெரிக்காவின் எஃப்டிஏ 2023இல் பிபிசி-157 உள்ளிட்ட பல பெப்டைட்களை, மருந்தகங்கள் கலந்து கொடுப்பதில் பாதுகாப்புக் கவலை உள்ள பொருள்களின் பட்டியலில் வைத்தபோது சொன்ன காரணங்களில் இந்த நோய் எதிர்ப்புச் சிக்கலும் அசுத்தங்களும் உண்டு.

இன்னொரு விஷயமும் இருக்கு. பிபிசியும் சரி, தைமோசின் பீட்டா-4ம் சரி, ஆய்வகத்துல புது ரத்தக் குழாய் வளர்றதைத் தூண்டுது. காயத்துக்கு அது நல்லது. உடம்புல எங்கேயோ சத்தமில்லாம உட்கார்ந்திருக்கிற ஒரு கட்டிக்கும் அதேதான் தேவை. இதனால புற்றுநோய் வந்துச்சுன்னு யாரும் காட்டல. ஆனா அதைத் தெரிஞ்சுக்கத் தேவையான நீண்ட கால மனித ஆய்வு நடக்கல. ரெண்டும் ஒரே திசையில தள்ளுற பொருள்னா, சேர்க்கும்போது நன்மை மட்டும் சேரும்னு எப்படி எதிர்பார்க்கிறது?

எசண்டன்: லாக் இல்லாத ப்ரொடக்ஷன்

இப்போ ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பலாம். சிட்னியில அந்த 96 பேர் ஆய்வு வெளியாகி ரெண்டே வருஷம். இடம் மெல்பர்ன். எசண்டன்னு ஒரு பெரிய ஃபுட்பால் கிளப். நம்ம ஊர்ல சிஎஸ்கே ரசிகர்கள் எப்படியோ, அங்க எசண்டன் ரசிகர்கள் அப்படி.

2012 சீசன். உடல் வலிமையையும் காயம் ஆறும் வேகத்தையும் கூட்டணும்னு ஒரு திட்டம். அதை நடத்தியவர் ஸ்டீபன் டாங்க் என்ற விளையாட்டு அறிவியலாளர். வீரர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவங்களில் ஏஓடி-9604, "தைமோசின்" என்றெல்லாம் பெயர்கள் இருந்தன. ஏஓடி-9604 மெல்பர்னிலேயே உருவான பெப்டைட். எடை குறைப்பு மருந்தாக முயன்று, சோதனையில் பலன் காட்டாததால் 2007இல் கைவிடப்பட்டது.

தைமோசின்? அது ஒரு குடும்பப் பெயர். தைமோசின் ஆல்ஃபா-1ன்னு ஒண்ணு, 28 அமினோ அமிலம், தடை இல்ல. தைமோசின் பீட்டா-4, 43 அமினோ அமிலம், தடை. படிவத்துல "தைமோசின்"னு மட்டும் எழுதியிருந்தா எது? வேரியபிளுக்கு "டேட்டா"ன்னு பேர் வச்சுட்டு ரெண்டு வருஷம் கழிச்சு அது என்னன்னு தேடுற கதைதான்.

2013 பிப்ரவரியில் விசாரணை தொடங்கியது. அப்போதுதான் தெரிந்தது, யாருக்கு, என்றைக்கு, என்ன ஊசி போடப்பட்டது என்பதற்கு முறையான பதிவு கிளப்பிடம் இல்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் லீக் நிர்வாகம் கிளப்புக்கு 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது, இறுதிச் சுற்றுகளிலிருந்து நீக்கியது. பயிற்சியாளர் ஜேம்ஸ் ஹேர்ட் 12 மாதம் இடைநீக்கம். வீரர்கள் மீதான வழக்கு தனியாக ஓடியது. 2015 மார்ச்சில் லீக்கின் தீர்ப்பாயம் ஆதாரம் போதவில்லை என்று விடுவித்தது. வாடா மேல்முறையீடு செய்தது. 2016 ஜனவரியில் சர்வதேச விளையாட்டு நடுவர் நீதிமன்றம், 34 வீரர்கள் தைமோசின் பீட்டா-4 பயன்படுத்தியதாக முடிவு செய்து, இரண்டு ஆண்டு தடை விதித்தது. ஏற்கனவே கழித்த காலம் போக, 2016 சீசன் முழுக்க அவர்கள் ஆட முடியவில்லை.

வீரர்கள் சொன்னது, "கிளப் சொன்னதை நம்பினோம்." நீதிமன்றம் அதை ஏற்கல. ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு மாதிரி கொடுக்கும்போது, சமீபத்துல என்னென்ன எடுத்தீங்கன்னு ஒரு படிவத்துல எழுதணும். அதுல யாருமே இந்தத் தைமோசின் ஊசியை எழுதல. அதுவும் அவங்களுக்கு எதிராப் போச்சு.

அணியின் கேப்டன் ஜோப் வாட்சன். 2012ஆம் ஆண்டின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் அவருடையது. 2016 நவம்பரில் அது அவர் கையை விட்டுப் போனது. ட்ரென்ட் காச்சின், சாம் மிட்செல் இருவருக்கும் அது வழங்கப்பட்டது. அந்த 2016 சீசனில் 12 வீரர்கள் இல்லாமல் ஆடிய எசண்டன் பட்டியலில் கடைசி இடம்.

ஆனா பதக்கமும் கோப்பையும் என்னை அவ்வளவு பாதிக்கல. பாதிச்சது வேற. அந்தக் கிளப்பின் முன்னாள் இளம் வீரர் ஒருவர் நீதிமன்றத்துக்குப் போனார். அவர் முதல்ல கேட்டது ஆவணங்கள். எனக்கு என்ன ஊசி போட்டீங்கன்னு தெரியணும்.

யோசிச்சுப் பாருங்க. தன் உடம்புக்குள்ள என்ன போச்சுன்னு தெரிஞ்சுக்க ஒருத்தர் வக்கீல் வைக்க வேண்டியிருக்கு. நாளைக்கு அவருக்கு ஒரு உடல்நலப் பிரச்சினை வந்தா, டாக்டர் "என்னென்ன மருந்து எடுத்திருக்கீங்க?"ன்னு கேட்டா, என்ன சொல்லுவார்? குழந்தை பெத்துக்கலாமான்னு மனைவி கேட்டா? பதில் இருக்கிற கேள்விக்கே பதில் கிடைக்காத நிலைமை அது.

ஒரே நாடு, ரெண்டு வருஷ இடைவெளி. சிட்னியில 96 பேருக்கு ஊசி போட்டாங்க, என்ன நடந்ததுன்னு உலகத்துக்கே தெரியும். மெல்பர்ன்ல 34 பேர், அதுல அவங்களுக்கே தெரியாது. ரெண்டு இடத்துலயும் பொருளைச் சேர்த்துத்தான் கொடுத்தாங்க. முதலாவதை ஆராய்ச்சின்னு சொல்லலாம். ரெண்டாவதுக்கு அந்தப் பேர் கிடையாது.

கேட்ட மூணு பேருக்கும்

"ஆராய்ச்சிக்கு மட்டும்"னு போட்ட குப்பியை வாங்கி வீட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சா, அங்க ஆராய்ச்சியாளரும் நீங்கதான், எலியும் நீங்கதான். ஒப்பீட்டுக் குழு கிடையாது. நாலையும் ஒரே வாரத்துல ஆரம்பிச்சா, நல்லது நடந்தாலும் எதனாலன்னு தெரியாது, கெட்டது நடந்தாலும் எதை நிறுத்தணும்னு தெரியாது. ரோல்பேக் பண்ண ஒரு வெர்ஷன் இல்ல.

மாரத்தான் நண்பருக்கு: நீங்க அதிகாரபூர்வமான போட்டிகள்ல ஓடுறவரா இருந்தா, இந்தியாவுல நாடா விதிகள் உங்களுக்கும் பொருந்தலாம். நம்ம நாட்டுல 2022லேயே இதுக்குத் தனிச் சட்டம் வந்தாச்சு. "லேபிள்ல அப்படித்தான் போட்டிருந்தது", "கோச் சொன்னார்"ங்கிறது பதில் ஆகாது. உங்க உடம்புல இருக்கிறதுக்கு நீங்கதான் பொறுப்பு. எசண்டன் 34 பேருக்கும் அதுதான் நடந்தது.

அக்கிலீஸ் டெண்டனுக்கு நல்ல ஆதாரம் உள்ள சிகிச்சை ஏற்கனவே இருக்கு. படிப்படியா எடையைக் கூட்டிச் செய்யற கெண்டைக்கால் பயிற்சி. ஹோகன் ஆல்ஃபிரெட்சன் என்ற ஸ்வீடன் மருத்துவரின் 12 வாரத் திட்டம் 1998இல் வெளியானது. போரடிக்கும். காலையும் சாயங்காலமும் செய்யணும். யாரும் அதை ரீல்ஸ் போட மாட்டாங்க. தோள்பட்டைக்கும் அதே மாதிரி பயிற்சிகள் இருக்கு, ஆனா முதல்ல எது கிழிஞ்சிருக்கு, எது உரசுதுன்னு ஒரு ஆர்த்தோ டாக்டர் பார்த்துச் சொல்லணும். என்ன பக்னு தெரியாம ஃபிக்ஸ் போடாதீங்க.

ஜிம் நண்பருக்கு, அல்லது ஏற்கனவே போட்டுட்டு இதைக் கேட்டுட்டு இருக்கிற யாருக்கும்: உங்களைத் திட்டற எண்ணம் எனக்கு இல்ல. மூணே விஷயம் செய்யுங்க. குப்பியைத் தூக்கிப் போடாதீங்க, லேபிளும் பேட்ச் எண்ணும் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வைங்க. எந்தத் தேதியில என்ன போட்டீங்கன்னு போன்ல எழுதி வைங்க. அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது, எந்தக் காரணத்துக்காகப் போயிருந்தாலும் சரி, அதை அப்படியே காட்டுங்க. வெட்கமா இருக்கும், பரவாயில்ல. காய்ச்சல், நடுக்கம், ஊசி போட்ட இடத்துல சிவந்து வீங்கறது, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல்னு எதுவும் வந்தா அடுத்த தடவைக்குக் காத்திருக்காதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரி.

மெல்பர்ன்ல அந்தப் பையன் கேட்டு அலைஞ்சது அந்த ஒரு பக்கக் குறிப்பைத்தான். உங்ககிட்ட அது இருக்கட்டும்.

இன்னைக்கு அவ்வளவுதான் மக்களே. அக்கிலீஸ் பயிற்சியைப் பன்னிரண்டு வாரமும் முழுசா செஞ்சு முடிச்சவங்க யாராவது இருந்தா எழுதுங்க, எத்தனையாவது வாரத்துல விட்டுடலாம்னு தோணுச்சுங்கிறதையும் சேர்த்து. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.